ஆட்டத்தில் இல்லாத கட்டளை

மணவாள நகர், திருவள்ளூர்
2 ஆகஸ்ட் 2025

'இரண்டாம் ஷிப்ட்' ஆட்டத்தை எழுதியவருக்கு,

வணக்கம். உங்கள் பெயர் ஆட்டத்தில் எங்கும் இல்லை. கடைசியில் "குறை இருந்தால் எழுதவும்" என்று இந்த மெயில் முகவரி மட்டும் இருக்கிறது. குறை இருக்கிறது, எழுதுகிறேன். வலது கையில் மாவுக்கட்டு. இடது கட்டைவிரலால் எழுத்தைத் தடவி, போன் அதைச் சொல்லிக் காட்டிய பிறகு அடுத்த எழுத்துக்குப் போகிறேன். வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும். ஆனால் வீட்டில் எல்லார் காதிலும் விழும். அவர்களுக்குத் தெரிய வேண்டிய கடிதம் இல்லை இது.

என் பெயர் குணசுந்தரி. வயது முப்பத்தெட்டு. கண்ணில் அழுத்தம் ஏறி, முப்பது வயதில் பார்வை போய்விட்டது. தம்பி சந்திரமோகன் வீட்டில் இருக்கிறேன். பார்வையில்லாதவர்களுக்கான வாட்ஸப் குழு ஒன்றில் இருக்கிறேன், அதில்தான் ஒருவர் உங்கள் ஆட்டத்தை அனுப்பினார். படம் கிடையாது, எல்லாம் எழுத்து; போன் படித்துக் காட்டும், நாம் கட்டளை எழுதினால் ஆள் நடக்கும் என்றார். லோடுமேன், டீக்கடைக்காரி, செக்யூரிட்டி, திருடி என்று நான்கு வேஷம் வைத்திருக்கிறீர்கள். நான் திருடியை எடுத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து ஒரு கடலைமிட்டாய்கூடத் திருடியதில்லை, ஆட்டத்திலாவது திருடிப் பார்ப்போமே என்றுதான்.

கொஞ்ச தூரம் போனதுமே தெரிந்துவிட்டது. முகப்பில் வேகத்தடை, அதைத் தாண்டி ஏரிக்காற்று, பிறகு சிமென்ட் கல் பாவிய நடைபாதை. இது எங்கள் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். கண் இருந்த காலத்தில் நான் நடந்த ரோடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மே மாதத்தில் அதே எஸ்டேட்டில் பாட்டில் மூடி பேக் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. கண் போன பிறகு கிடைத்த முதல் வேலை. தம்பி பைக்கில் கொண்டுபோய் விட்டான். அவனுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே எனக்குப் பாதி நாள் தாமதம், பாதி நாள் லீவு. நான் உங்கள் ஆட்டத்திலேயே நடந்து நடந்து பழகினேன். "பிரஸ் மெஷின் சத்தம் முழுக்கக் கேட்கிறது. அதன் எதிரில் இடப்பக்கம் திரும்பு." மனப்பாடம். தனியாகப் போக ஆரம்பித்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ராணி மாதிரி போய் வந்தேன்.

போன வாரம் தகடு அடிக்கும் அந்த பிரஸ் கம்பெனியை மூடிவிட்டார்கள். எனக்கு யார் சொல்வார்கள்? சத்தம் இதோ வரும், இதோ வரும் என்று நடந்துகொண்டே இருந்தேன். மூடி போடாத மழைநீர்க் கால்வாய்தான் வந்தது. மணிக்கட்டு உடைந்துவிட்டது.

நீங்கள் அந்த ரோட்டுக்குக் கடைசியாக எப்போது வந்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

குணசுந்தரி


கும்மிடிப்பூண்டி
5 ஆகஸ்ட் 2025

குணசுந்தரி அவர்களுக்கு,

தங்கள் மெயில் கிடைத்தது. கை உடைந்ததற்கு மிகவும் வருந்துகிறேன்.

என் பெயர் பிரின்சி. எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. இங்கே சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறேன். முன்பு காக்களூரில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். கொரோனாவில் அந்த இடம் மூடியதும் ஊருக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த ரோட்டுக்கு நான் வரவில்லை. காதிலும் காலிலும் மிச்சம் இருந்ததை வைத்து ஆட்டத்தை எழுதினேன்.

அது விளையாட்டு. வழிகாட்டி என்று நான் எங்கும் சொல்லவில்லை. எந்த ஊர் என்றுகூட எழுதவில்லை. ஒருவர் அதை நம்பி உண்மையான ரோட்டில் நடப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்படித் தோன்றியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

இன்று காலை ஆட்டத்தை எடுத்துவிட்டேன். இனி அதனால் யாரும் விழ மாட்டார்கள். மருத்துவச் செலவில் என்னால் முடிந்ததைத் தரவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பிரின்சி


மணவாள நகர்
9 ஆகஸ்ட் 2025

பிரின்சிக்கு,

உன் வயது தெரியவில்லை. எழுத்தைக் கேட்டால் சின்னப் பெண்ணாகத்தான் தெரிகிறது. நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.

ஆட்டத்தை எடுக்கச் சொல்லி நான் எழுதினேனா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக இருக்கிறது. உன் மெயில் வந்ததும் ஓடிப்போய் இணைப்பை அழுத்தினேன். "இந்தப் பக்கம் கிடைக்கவில்லை" என்கிறது போன். கால்வாயில் விழுந்தபோதுகூட எனக்கு இப்படி இல்லை. அங்கே வலிதான் இருந்தது. இங்கே ரோட்டையே யாரோ சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். உன் பணம் எனக்கு வேண்டாம்.

என் நிலைமையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். கட்டு போட்டு வந்த அன்று தம்பி சொன்னான்: "அதான் சொன்னேன்ல. இனிமே நீ எங்கயும் தனியாப் போவ வாணாம். ஊட்லயே கெட, நான் துன்றத நீயும் துன்னு." நல்லவன்தான். அவன் பயத்தில் பேசுகிறான், தெரியும். ஆனால் அந்த வார்த்தை என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. அவன் மனைவி பூமிகா டம்ளரை என் கையில் வைக்காமல் வாய்க்கே கொண்டுவந்தாள். அதற்கு அவன் திட்டினதே தேவலை.

கம்பெனியில் சூப்பர்வைசர் ஆதிகேசவன் போன் செய்தார். இடத்தை ஆயுத பூஜை வரைக்கும் வைத்திருப்பாராம். "ஆனா ஒண்ணும்மா, இனிமே கூட ஆள இட்னு வரணும். நாளைக்கு லாரி கீரி அடிச்சா எங்க தலைல வுயும்." கூட வர எனக்கு யார் இருக்கிறார்கள்? தனியாக வர முடியும் என்று காட்டினால்தான் வேலை. இல்லாவிட்டால் சாகும் வரை தம்பி வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்து டி.வி. கேட்க வேண்டியதுதான்.

ஆகவே மரியாதையாக ஆட்டத்தைத் திரும்பப் போடு. பிரஸ் மெஷினை எடுத்துவிட்டு வேறு அடையாளம் வை. கை ஆறுவதற்குள் நான் பழகிக்கொள்கிறேன்.

குணசுந்தரி


கும்மிடிப்பூண்டி
17 ஆகஸ்ட் 2025

குணசுந்தரி அக்காவுக்கு,

எனக்கு இருபத்தொன்பது. நீ என்றே எழுதுங்கள்.

ஒரு வாரமாக அதைத்தான் யோசித்தேன். வேறு எந்த அடையாளம்? டிரான்ஸ்பார்மர் இரைச்சல் வைக்கலாம், மின்வெட்டில் நின்றுவிடும். ரப்பர் கம்பெனி வாடை வைக்கலாம், காற்று திரும்பினால் போய்விடும். டீக்கடைப் பாட்டு வைக்கலாம், கடைக்காரர் ஊருக்குப் போனால் என்ன செய்வது? சிமென்ட் கல் நடைபாதையை எந்தக் குழாய்க்காக எப்போது தோண்டுவார்களோ. அந்த எஸ்டேட்டில் என்றைக்கும் மாறாத பொருள் ஒன்று சொல்லுங்கள். உடனே எழுதுகிறேன்.

இல்லை அக்கா. எனக்கே பதில் தெரியும், அப்படி ஒன்றும் இல்லை. இன்று நான் எழுதித் தருவது நாளைக்கு உங்களை மறுபடி கால்வாயில் தள்ளும். அந்தப் பழியை என்னால் சுமக்க முடியாது.

ஆட்டத்தைக் கேட்டு மற்றவர்களும் எழுதுகிறார்கள். சோழவரத்திலிருந்து ஒருவர், டீக்கடைக்காரி வேஷத்தில் நிறைய தூரம் போயிருந்தாராம், "என் கடையைத் திறந்துவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். பதில் போடவில்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது. பகல் முழுக்க "வணக்கம், யாரோடு பேச வேண்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் பேசக்கூட வாய் வருவதில்லை. அந்த வேலையும் எத்தனை நாளோ. இனி கூப்பிடுகிறவர்களே எண்ணை அழுத்திக்கொள்ளும்படி மெஷின் வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள்.

அம்மா பெயர் சாராள், கேன்டீனில் வேலை. உங்கள் மெயிலைப் படித்துக் காட்டினேன். "பாவம்டி அந்தப் பொம்பள. அங்க மனுசாளே இல்லியா, வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டுக்கினு போறதுக்கு?" என்றார். அது எனக்கும் தோன்றியது. காலை நேரத்து எஸ்டேட்டில் ஆள் இல்லாமல் இருக்காதே. நீங்கள் நடந்தபோது பக்கத்தில் யாருமே இல்லையா?

பிரின்சி


மணவாள நகர்
24 ஆகஸ்ட் 2025

பிரின்சி,

உன் அம்மா கேட்ட கேள்வி இருக்கிறதே, அது என்னைத் தூங்கவிடவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். சிரித்தால் சிரி.

ஆள் இருந்தார். மூடின பிரஸ் கம்பெனிக்கு வாட்ச்மேன் ஒருவர் உண்டு, பெயர் கோபால். கேட் ஓரம் நாற்காலி போட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ரேடியோ சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. கூப்பிட்டால் எழுந்து வந்திருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டிக்கைத் தட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்புச் சத்தம் வராமல் மெதுவாக அவரைத் தாண்டிப் போனேன்.

ஏன்? நான் திருடி! உன் ஆட்டத்தில் வாட்ச்மேன் ரேடியோ கேட்டால் சத்தமில்லாமல் தாண்ட வேண்டும். அவன் காதில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. எத்தனையோ முறை மாட்டிக்கொண்டு மறுபடி முகப்பிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். புத்திக்கு முன்னால் கால் கேட்டுவிட்டது. டிபன் டப்பாவும் கம்பெனி யூனிபார்முமாக வேலைக்குப் போகிற பொம்பளை, திருடி மாதிரி பதுங்கிப் போய்க் கால்வாயில் விழுந்தேன். ஸ்டிக் தரையில் இருந்திருந்தால் விளிம்பாவது தெரிந்திருக்கும்.

அவர்தான் ஓடிவந்து தூக்கினார். "இன்னாம்மா நீ, ஒரு கொரல் குடுத்தா நான் வந்துருக்க மாட்டனா? பூன மாரி போய்க்கினு கீற!" என்றார்.

இன்னொன்றும் யோசித்தேன். திருடி கேட்கக் கூடாது, சரி. லோடுமேன்? டீக்கடைக்காரி? உன் ஆட்டத்தின் கட்டளைகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நட, திரும்பு, எடு, வை, தட்டு, முகர், பதுங்கு, ஓடு. "விசாரி" என்று ஒரு கட்டளை எந்த வேஷத்துக்கும் இல்லை. நாலு பேர் பேசுகிற இடத்தில்கூட அவர்கள் பேசுவதை ஒட்டுக் கேட்கலாம், வாய் திறந்து வழி கேட்க முடியாது. நான்கூட ஒருமுறை எழுதிப் பார்த்தேன். "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று வந்தது.

இது மறதியா? உன் எழுத்தைப் பார்த்தால் மறக்கிற ஆளாகத் தெரியவில்லை.

குணசுந்தரி


கும்மிடிப்பூண்டி
3 செப்டம்பர் 2025

அக்கா,

மறதி இல்லை. வேண்டுமென்றே வைக்கவில்லை.

நீங்கள் முப்பது வயதுவரை பார்வையோடு இருந்தவர். வழி கேட்டால் ஜனங்கள் வழி மட்டும் சொல்வார்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். எனக்கு அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால், "கண்ணு சுத்தமாத் தெரியாதா? பொறவிலயேவா? கல்யாணம் ஆச்சா? யாரு சோறு போடறா?" நான் ஒன்று விசாரித்தால் அவர்கள் என்னை ஒன்பது விசாரிக்கிறார்கள். காக்களூரில் ஒரு நாள் ரோட்டோரம் தோழிக்காக நின்றிருந்தேன். ஒருவர் வந்து தோளைப் பிடித்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, ரோட்டைக் கடத்தி விட்டுவிட்டுப் புண்ணியம் சேர்ந்த திருப்தியில் போய்விட்டார். திரும்பி வரத் தெரியாமல் அந்தப் பக்கமே நின்றேன். இன்னொருவர் பஸ் ஏற்றுகிறேன் என்று கை வைத்த இடம் வேறு. அதை எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்பதில்லை. புது இடம் என்றால் வேலை இல்லாத நாளில் முன்கூட்டியே போய், தனியாக நடந்து, தட்டித் தட்டிப் பழகிக்கொண்ட பிறகுதான் போவேன். எவ்வளவு நேரமானாலும் சரி.

'இரண்டாம் ஷிப்ட்' நான் கட்டிய ஊர். அங்கே வாட்ச்மேன் துரத்துவான், லாரி வரும், நாய் கடிக்கும். ஆனால் யாரும் பாவம் என்று சொல்ல மாட்டார்கள். என் தோளில் யார் கையும் விழாது. எனக்கு இருக்கிற ஒரே அப்படிப்பட்ட ஊர் அது. அதற்குள் அந்த ஜனங்களை நானே கூட்டிவந்து விட வேண்டும் என்கிறீர்கள்.

முடியாது அக்கா. கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. அனுப்பாமல் வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனாலும் அனுப்புகிறேன்.

பிரின்சி


மணவாள நகர்
21 செப்டம்பர் 2025

பிரின்சி,

உன் மெயில் வந்த அன்று பதில் எழுதத் தோன்றவில்லை. நீ எழுதாமல் விட்டது எனக்கும் நடந்திருக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

கட்டு பிரித்தாயிற்று. கை சுள்ளி மாதிரி இருக்கிறது. கட்டுக்குள் அரித்த அரிப்பு, அப்பப்பா, உடைந்த வலியே பரவாயில்லை.

வியாழக்கிழமை தம்பி காலை ஷிப்டுக்குப் போன பிறகு கிளம்பினேன். பூமிகாவிடம் மட்டும் சொன்னேன். "அவரு வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றாள். வேலைக்குப் போயிருக்கிறேன் என்று சொல், பொய் இல்லையே என்றேன். ஷேர் ஆட்டோவில் எஸ்டேட் முகப்பு வரை வந்துவிட்டேன். அங்கிருந்து உன் ஆட்டமும் இல்லை, பிரஸ்ஸும் இல்லை. வாய்தான்.

முதலில் கேட்ட ஆள் பதிலே சொல்லவில்லை. மறுபடி கேட்டேன். "அதான் தலையாட்னேன்ல!" என்று கோபித்துக்கொண்டார். இரண்டாவது ஆள் "இப்டிக்கா போயி அப்டிக்கா திரும்பு" என்றார். கையைக் காட்டியிருப்பார் போல. மூன்றாவது ஆள் நீ சொன்ன கடத்தல் ஆசாமி. கையைப் பிடித்ததும் நான் போட்ட சத்தத்தில் பதறிப்போய், "ஒதவி செஞ்சா கத்தறியேம்மா!" என்று விட்டுவிட்டார். இட்லிக்காரம்மா ஒருத்தி, "வழி கெடக்கட்டும், நாஷ்டா துன்னியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொன்னாள். தப்பான வழி. கடைசியில் கோபால். என் ஸ்டிக் சத்தம் கேட்டதுமே ரேடியோவைக் குறைத்தார். "நேராப் போ. நான் பாத்துக்கினு கீறேன். கால்வா கிட்ட போனா கொரல் குடுக்கறேன்" என்றார். கூட வரவில்லை, தொடவில்லை. திருப்பம் வந்ததும் "ம், திரும்பிக்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். ஆதிகேசவன், "கூட ஆளு எங்க?" என்றார். "வழி நெடுக ஆளுங்கதான் சார், யாரைக் கூப்பிடட்டும்?" என்றேன். சிரிக்கவில்லை அந்த மனிதர். "ஒரு மாசம் பாப்போம்" என்றார். வேலை இன்னும் என் கையில் இல்லை. போகவும் இல்லை. தம்பி இன்றுவரை என்னோடு பேசவில்லை.

வெற்றி என்று நினைத்துவிடாதே. சாயங்காலம் திரும்பி வந்து படுத்தால் உடம்பு பூரா வலி. மூடி எண்ணிய களைப்பு இல்லை, வழி கேட்ட களைப்பு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சிரிப்பு, ஒரு நன்றி, கண் எப்படிப் போயிற்று என்று ஒரு கதை. தினமும் இதைச் செய்ய வேண்டும். நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

உனக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன். கண் போன நாளிலிருந்து நான் கேட்டுக் கேட்டே பிழைத்தவள். தண்ணீர் எங்கே, கதவு எங்கே, இது பகலா ராத்திரியா. உன் ஆட்டத்தில்தான் முதல்முறையாக யாரையும் கேட்காமல் நடந்தேன். அந்த ஒரு மாதம் அதே மாதிரி ரோட்டிலும் நடந்தேன். அந்த ருசி இருக்கிறதே, அது எனக்கு இனி கிடைக்காது. உன்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அதற்குத்தான், கைக்காக இல்லை. நீ உன் ஊரை விடமாட்டேன் என்று எழுதியதும் எனக்குப் புரிந்தது. நானும் கொஞ்ச நாள் அங்கே குடியிருந்தவள்தானே.

குணசுந்தரி


கும்மிடிப்பூண்டி
12 அக்டோபர் 2025

அக்கா,

ஆயுத பூஜைக்கு எங்கள் டெலிபோன் போர்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்தார்கள். அடுத்த வாரமே கழற்றிவிட்டார்கள். கூப்பிட்டால் இப்போது ஒரு பெண் குரல் "ஒன்றை அழுத்தவும்" என்கிறது. என்னை ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். வேலை ஒன்றும் இல்லை. மாதக் கடைசியில் சொல்லிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் ஆட்டத்தை மறுபடி எழுதினேன். முந்தாநாள் போட்டேன். பிரஸ் மெஷின் இருக்கிறது, ஆனால் எல்லா நாளும் ஓடாது. எந்த நாள் எது நிற்கும் என்று எனக்கே தெரியாதபடி வைத்திருக்கிறேன். "இது விளையாட்டு, ரோடு மாறியிருக்கும்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். "விசாரி" கட்டளையும் இருக்கிறது. உங்கள் ஆட்களை உங்களைக் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். தலையாட்டுகிறவர், கையைக் காட்டுகிறவர், இட்லிக்காரம்மா. தோளைப் பிடிக்க ஒருவர் வருவார். அதற்காக "கத்து" என்று ஒரு கட்டளை சேர்த்திருக்கிறேன். எழுதும்போது அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. திருடியும் வாட்ச்மேனை விசாரிக்கலாம். பிடிப்பாரா, வழி சொல்வாரா என்று முன்கூட்டித் தெரியாது.

என் ஊர் போய்விட்டது அக்கா. இப்போது இருப்பது வேறு ஊர். சத்தம் அதிகமாக இருக்கிறது. சோழவரத்துக்காரருக்கு மட்டும் சந்தோஷம், கடையில் வந்து வழி கேட்கிறவர்களையெல்லாம் டீ குடிக்க வைக்கிறாராம்.

இனி எழுதப்போவதைப் பல முறை எழுதி அழித்துவிட்டேன். திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு அலுவலகத்தில் ஆபரேட்டர் வேலைக்கு நேர்காணல். வெள்ளிக்கிழமை காலை வரச் சொல்லி நேற்றுத்தான் போன் வந்தது. பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி ஸ்டேஷன் வரை வந்துவிடுவேன், அது பழக்கம். அங்கிருந்து எனக்கு வழி தெரியாது. முன்கூட்டி வந்து நடந்து பார்க்க நேரமில்லை. அம்மாவுக்குக் கேன்டீனில் லீவு தரவில்லை.

நீங்கள் ஸ்டேஷனுக்கு வர முடியுமா? இப்படி நான் யாரையும் கேட்டதில்லை. முடியாவிட்டால் முடியாது என்று எழுதிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

பிரின்சி


மணவாள நகர்
13 அக்டோபர் 2025

பிரின்சி கண்ணு,

வருகிறேன். ஆதிகேசவனிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார். தம்பியும் நேற்றுத்தான் வாய் திறந்தான். "நான் வண்டில கொண்டாந்து வுடறேன்" என்றான். ஸ்டேஷன் வாசல் வரை விடு, அதற்குமேல் வேண்டாம் என்று சொன்னேன். "செரி" என்றான். எட்டு வருஷத்தில் அவனிடமிருந்து நான் வாங்கிய முதல் "செரி".

கலெக்டர் ஆபீஸ் பக்கம் எனக்கும் வழி தெரியாது. கண் இருந்தபோது போயிருக்கிறேன், இப்போது எதுவும் அந்த இடத்தில் இருக்காது. போகிற வழியில் கேட்டுக்கொள்ளலாம். நல்ல புடவையோ சுடிதாரோ உடுத்திக்கொண்டு வா, மழை வந்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்று பையில் இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டு வந்துவிடாதே, எடுத்து வருகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் யோசி. நீ எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியாது, நான் எப்படி இருப்பேன் என்று உனக்குத் தெரியாது. தெரிந்தாலும் பிரயோஜனம் இல்லை. காலை நேரத்து பிளாட்பாரத்தில் ஆயிரம் பேர் இறங்குவார்கள். நான் "பிரின்சி, பிரின்சி" என்று கத்துவேன், எனக்கு வெட்கமெல்லாம் போய் வெகுகாலம் ஆகிறது. ஆனால் நான் கத்துவது மட்டும் போதாது. நீயும் என் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். அத்தனை பேர் நடுவில், வாய்விட்டு, தொண்டை கிழிய. இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே பிளாட்பாரத்தில் பத்தடி தள்ளி, ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு சாயங்காலம் வரை நிற்போம்.

அக்கா